துறவி நண்டும் கோபுர நத்தையும்

ஜூன் 4

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. பதினொரு முறை உனக்குப் போன் செய்தேன். பதினொன்றும் அடித்து அடித்து ஓய்ந்தது. தேதி வாரியாக நோட்டில் இருக்கிறது, சந்தேகமென்றால் நகல் எடுத்து அனுப்புகிறேன். போனை எடுக்காமல் விடலாம். கடிதம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நீ வீட்டை விட்டுப் போய் இன்றோடு எண்பத்திரண்டு நாள். நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதிவிடுகிறேன். அதை மனசில் வைத்துக்கொண்டு கும்பிட உட்கார்ந்தால் வாய் மட்டும்தான் கும்பிடுகிறது.

எட்டு நாள் எக்ஸ்ரே பயிற்சிக்கு நீ போயிருந்தபோது, உன் உப்புத்தண்ணீர்த் தொட்டியின் மணலை அள்ளி, குழாயடியில் வைத்து ஏழு தண்ணீர் மாற்றி அலசினேன். அரிசி களைகிற மாதிரி, கலங்கல் தீரும்வரை. மீன்களைப் பழைய தண்ணீரோடு வாளியில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். மணலைப் போட்டு அவற்றைத் திரும்ப விட்டேன். பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது தொட்டி. மூன்றாம் நாள் சாவு ஆரம்பித்தது. மஞ்சள் மீன் இரண்டு, நீல மீன் ஒன்று, இறால் மூன்று, நத்தை ஐந்து, கோமாளி மீன் ஜோடியில் ஒன்று. மணலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருந்து, கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றிவந்த உயிர்கள் எத்தனையோ, அதற்கு என்னிடம் கணக்கில்லை. நீ வந்து பார்த்தாய். "கொலைகாரி" என்றாய். மறுநாள் பெட்டியோடு கிளம்பிவிட்டாய்.

எறும்பு வரிசையைக் கண்டால் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போகிறவள் நான். அந்தச் சொல் இன்னும் காதில் நிற்கிறது. ஆனால் அதைச் சொல்ல இதை எழுதவில்லை.

மிஞ்சிய கோமாளி உயிரோடு இருக்கிறது. தீனி எடுக்கிறது. மணல்மேல் மட்டும் டீ கொட்டிய மாதிரி பழுப்பாகப் படிந்துவிட்டது. கையை வைக்க எனக்குப் பயம். உன் அண்ணன், "எதுத்த வீட்டுப் பல் டாக்டரு தொட்டியக் கேக்குறாரு, குடுத்துடுவோமா? அவரு லிஃப்டுக்குப் போறப்பல்லாம் கேக்குறாரு" என்கிறார். நான் முடியாது என்றுவிட்டேன். நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். மணலைச் சுத்தம் செய்ய என்னைவிடத் தகுதியான ஆட்களைக் கடவுள் கடலிலேயே படைத்து வைத்திருக்கிறார். நட்சத்திர மீன், கடல் அட்டை, மணலை வாயில் அள்ளிச் செவுளால் துப்புகிற மீன், நத்தை வகைகள். நட்சத்திர மீன்தான் லட்சணமாக இருக்கிறது. அதையே வாங்கலாமென்று இருக்கிறேன். சரியா, தப்பா? ஒரு வார்த்தை எழுது.

நீ இப்போது வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் மூன்று வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், செப்டம்பர் முப்பது கடைசி நாள், போட்டால் ஊருக்கு வர லீவே கிடைக்காது என்று அண்ணனிடம் மட்டும் சொன்னாயாமே. நீ போடுவதற்குள் இந்த மணலைச் சரிசெய்து, உன்னை ஒருமுறை இந்தக் கூடத்துக்கு வரவழைக்க வேண்டும். என் வேண்டுதல் இப்போதைக்கு அது ஒன்றுதான்.

அண்ணி


ஜூன் 15

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. தொட்டியைப் பல் டாக்டருக்கே கொடுத்துவிடுங்கள். எனக்கு வேண்டாம். நான் கையெழுத்துப் போடத்தான் போகிறேன். இங்கே மிஷின் புதிது, வேலை பிடித்திருக்கிறது. எனக்காக யாரும் எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

பின்குறிப்பு: நட்சத்திர மீனை வாங்கிவிடாதீர்கள். மணலில் உள்ள சின்ன உயிர்களைத்தான் அது தின்னும். நம் நாலடித் தொட்டியில் இப்போது அவையே இல்லை. இரண்டு மாதத்தில் பட்டினி கிடந்து கரைந்துபோகும், நீங்கள் அது தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மணல் துப்புகிற மீனுக்கும் இதே கதிதான், போதாததற்கு மூடியில்லாத தொட்டியிலிருந்து குதித்துவிடும். கடல் அட்டை வேண்டவே வேண்டாம். அது செத்தால் தண்ணீரில் விஷம் கலந்து மற்றதையும் கூட்டிக்கொண்டு போகலாம். நத்தையே போதும். மீந்த தீனிக்கு, மணலில் புதைந்து மூக்கை மட்டும் நீட்டுகிற வகை. பழுப்புப் படிவுக்கு, கோபுரம் மாதிரி கூடு உள்ள வகை. ஒரே நாளில் நிறைய விடாதீர்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு? வெப்பம் எவ்வளவு? பதில் எழுத வேண்டியதில்லை.


ஜூன் 27

அன்புள்ள வாலுவுக்கு,

கேள்வி கேட்டுவிட்டுப் பதில் எழுத வேண்டியதில்லை என்று எழுதக்கூடாது. உப்பு மானியில் 1.025. வெப்பம் இருபத்தாறு. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்க்கிறேன்.

உன் கடிதம் நாலு வரி, பின்குறிப்பு பதினெட்டு வரி. நான் பின்குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கலர்மீன் கடைக்குப் போனேன். ஒவ்வொரு நத்தையாகக் கண்ணாடியில் ஒட்டி நகர்கிறதா, கூட்டில் விரிசல் உண்டா என்று பார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லை. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க?" என்றார்.

"பொண்ணு பாக்குறதுல தப்பு நடந்தா ரெண்டு வீடுதான் கஷ்டப்படும். இது அப்படியா?" என்றேன். மனிதர் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டுவிட்டார்.

மூக்கு நீட்டுகிறவை ஆறு, கோபுர நத்தை நாலு எடுத்தேன். கிளம்பும்போது பக்கத்துத் தொட்டியில் ஒரு சிப்பிக்கூடு கால் முளைத்து ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்னப்பா?"

"துறவி நண்டுக்கா. தனியா ஒரு கூட்டுக்குள்ள கெடக்கும். மிச்சம் மீதி, பாசி, எது கெடச்சாலும் சாப்டுக்கும். ஒரு தொந்தரவும் இல்ல."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பெயரிலேயே துறவு. கிடைத்ததை உண்டு, ஒரு கூட்டுக்குள் ஒதுங்கி இருக்கிற ஜீவன். மூன்று வாங்கினேன்.

நீ முன்பு செய்வதைப் பார்த்திருக்கிறேன் அல்லவா, அதேபோல் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அவற்றின் பாத்திரத்தில் இறக்கினேன். இரண்டு மணி நேரம். பக்கத்திலேயே உட்கார்ந்து பிரார்த்தனைப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்தேன். ஒவ்வொன்றையும் கையால் இறக்கிவிட்டேன்.

மூக்கு நீட்டுகிறவை உடனே மணலுக்குள் போய்விட்டன. போச்சு, ஆறும் செத்துவிட்டது என்று பதறிவிட்டேன். மறுநாள் கோமாளிக்குத் தீனி போட்டதும் மணல் ஆறு இடத்தில் பிளந்து, ஆறு தும்பிக்கை எழும்பியது! உன் அண்ணன் தட்டோடு எழுந்து வந்து பார்த்துவிட்டு, "சாப்பாடு ரெடின்னு நீ கூப்புட்டா நான்கூட இவ்ளோ வேகமா வந்ததில்ல" என்றார். கோபுரக்காரர்கள் கண்ணாடியோரம் கோலம் போட்ட மாதிரி வெள்ளைத் தடம் விட்டுப் போகிறார்கள். பழுப்பு குறைகிறது. ஒரு சாண் இடம் சுத்தமாகிவிட்டது, ஸ்கேல் வைத்து அளந்தேன்.

அண்ணி


ஜூலை 9

அண்ணி!

துறவி நண்டா? ஐயோ, அதைப் போய் பெயரைப் பார்த்தா வாங்கினீர்கள்?

உங்கள் கடிதத்தை எக்ஸ்ரே அறையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவரை நிற்க வைத்து, "மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க" என்று சொல்லிவிட்டு, 'மனசு நிறைந்துவிட்டது' என்ற இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அவர் மூச்சைப் பிடித்தபடியே என்னை முறைக்கிறார். படம் ஆடிப்போய், இரண்டாம் தடவை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

கேளுங்கள். அதற்குச் சொந்தக் கூடு கிடையாது. உடம்பு வளர வளர இன்னொருவர் கூடு வேண்டும். காலியாகக் கிடந்தால் எடுத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால், உள்ளே ஆள் இருந்தாலும் இழுத்துப் போட்டுவிட்டுக் குடியேறும். இன்றைக்கே காலிக் கூடுகள் வாங்கிப் போடுங்கள். இப்போது அவை இருக்கும் கூட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாயம் பூசாததாக, ஒரு நண்டுக்கு மூன்று வீதம். கொதிக்க வைத்து, ஆறவைத்துப் போடுங்கள். கோபுர நத்தை நாலும் இருக்கிறதா என்று தினமும் எண்ணுங்கள். எண்ணுவதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கையெழுத்து விஷயத்தில் என் முடிவு மாறவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாத்தனார்


ஜூலை 22

வாலு,

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே எண்ணிக்கை நாலிலிருந்து இரண்டாகிவிட்டது.

முதலில் ஒரு கோபுரம் வழக்கமில்லாத வேகத்தில் மணலைக் கடந்து போனது. நம் நத்தைக்குத் தெம்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு நோட்டில்கூட எழுதினேன். பிறகு அதற்குக் கீழே கால் தெரிந்தது. உள்ளே இருந்தவர் துறவி. பழைய கூடு மூலையில் கிடக்கிறது. நத்தை எங்கேயும் இல்லை. இரண்டு நாள் கழித்து இன்னொன்று.

உன் அண்ணன், "துறவி சொத்து சேக்க ஆரம்பிச்சுட்டாரு" என்று சிரித்தார். அவர் என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நண்டின்மேல் கோபமில்லை. அதற்கு வீடு வேண்டும், அதன் சுபாவம் அது. புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கமே இருந்தது. நத்தைப் பக்கங்களை மூன்று முறை படித்தவள், அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெயரை நம்பினேன். இரண்டு உயிர் போனது.

நீ சொன்னபடி ஒன்பது காலிக் கூடு போட்டேன். அன்று மாலையே மூன்று பேரும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, மாறிக்கொண்டார்கள். ஒருவர் நாலு கூடு மாற்றிவிட்டு முதலில் பார்த்ததற்கே திரும்பினார். மிச்சமிருக்கிற இரண்டு கோபுர நத்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் எனக்குத் தைரியம் போய்விட்டது. மூன்றாம் தடவை என் கையால் தப்பு நடக்கக் கூடாது. நீ முதலிலேயே சொன்னாய், நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பல் டாக்டரை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தொட்டியைக் கழுவிப் பராமரிக்க அவரிடம் ஆள் இருக்கிறதாம். நீ நிம்மதியாகக் கையெழுத்துப் போடு.

அண்ணி


ஜூலை 25, விரைவு அஞ்சல்

அண்ணி,

டாக்டருக்குக் கொடுக்காதீர்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். அண்ணனிடமும் போனில் சொல்லிவிட்டேன்.

இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. நாலரை மாதமாக வரவில்லை.

பயிற்சிக்குக் கிளம்பிய அன்று அவசர அவசரமாக ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனேன். 'மணலைக் கழுவி வைக்கவும்.' தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரியில் புது மணல் ஒரு மூட்டை வாங்கி வைத்திருந்தேன். நான் வந்ததும் போடலாம், அதை அலசி வைத்தால் உதவியாக இருக்கும் என்று நினைத்து எழுதியது. புது மணலைக் குழாய்த் தண்ணீரில்தான் அலச வேண்டும். 'புது' என்று எழுதவில்லை. இரண்டே எழுத்து. நீங்கள் சீட்டில் இருந்ததைத்தான் செய்தீர்கள். அதுவும் ஏழு தண்ணீர் மாற்றி.

வீட்டுக்குள் வந்து, வெள்ளை மணலைப் பார்த்த அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தேன், சீட்டு இல்லை. கிழித்துப் போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். யாராவது என்னைக் கேட்பதற்குள் நான் கத்திவிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருந்தால்கூடச் சண்டை போட்டு, அழுது, முடிந்திருக்கும். நீங்கள் தலை குனிந்து, "தப்புதான்மா" என்றீர்கள். அதற்குப்பின் அந்த வீட்டில் எந்த முகத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது? கோபித்துக்கொண்டு போகிற மாதிரி ஓடிவந்துவிட்டேன். மூன்று வருடம் என்று அவர்கள் சொன்னபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்தச் சொல்லை நான் என்னைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நண்டு விஷயத்திலும் உங்கள்மேல் தப்பில்லை. அதற்குத் துறவி என்று பெயர் வைத்தவரைத்தான் பிடித்து இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

உங்கள் வாலு


ஆகஸ்ட் 1

என் வாலுவுக்கு,

தொட்டி கூடத்திலேயே இருக்கிறது. டாக்டர் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, என் கடைவாய்ப் பல்லைப் பார்த்துச் சொத்தை என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீட்டு விஷயம் எனக்குத் தெரியும். நான் கிழிக்கவில்லை. நோட்டில் மார்ச் ஏழாம் தேதிப் பக்கத்தில், 'மணல் கழுவியது' என்ற வரிக்குப் பக்கத்தில், அத்தாட்சியாக அன்றே ஒட்டிவிட்டேன். எதையும் தூக்கிப்போட எனக்கு மனசு வராது என்பது உனக்குத் தெரியுமே. அப்போது ஒன்றும் புரியவில்லை. மே பத்தாம் தேதி அலமாரியைத் துடைக்கும்போது மூட்டை தட்டுப்பட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் அண்ணனிடம் காட்டவில்லை. காட்டினால் அவர் உன்னைத் திட்டுவார், நீ இன்னும் தூரம் போவாய், செத்த மீன் பிழைத்து வராது. ஆனால் இதை முழுக்க என் நல்ல குணமென்று நினைத்துவிடாதே. இவளாகச் சொல்லட்டும், இவள் வாயிலிருந்தே வரட்டும் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம். கும்பிடும்போதெல்லாம் அதுவும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது. 'நான் மன்னித்துவிட்டேன்' என்று கடவுளிடம் சொல்வேன், சீட்டு பத்திரமாக இருக்கிறதா என்று நோட்டையும் திறந்து பார்த்துக்கொள்வேன். இது எந்த ஊர் மன்னிப்பு? அதனால் ஆளுக்குப் பாதி. நீ இரண்டு எழுத்தை விட்டாய், நான் ஒரு கேள்வியை விட்டேன். எந்த மணல் என்று கேட்கிறவளாக இருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும். சீட்டில் எழுதியிருந்தால் யோசிக்காமல் செய்வது, பெயரில் துறவி இருந்தால் நம்புவது, இரண்டும் ஒரே வியாதி. இப்போது எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிறேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் அவரே ஸ்டூலைப் போட்டுவிடுகிறார்.

கையெழுத்தைப் பற்றி: வேலை பிடித்திருந்தால் மூன்று வருடமும் போடு. சந்தோஷமாக வழியனுப்பாத குறையை நான் தீர்த்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கூடை மணலுக்காகப் போடாதே. அது மட்டும்தான் எனக்குத் தாங்காது.

இப்போது வேலையைப் பேசுவோம். பழுப்பு முக்கால்வாசி போய்விட்டது. நடுவில், நத்தைகள் எட்டாத இடத்தில், பச்சையாக மெல்லிய படலம் இருக்கிறது. புத்தகம் சங்கு வைக்கச் சொல்கிறது. அது மணல்மேல் ஊர்ந்து, குழாய் மாதிரி வாயால் படலத்தை மேய்கிறதாம். நாலடித் தொட்டிக்கு ஒன்று போதும், இரண்டு வைத்தால் ஒன்று பட்டினி. கடையில் நாலு இருக்கிறது. கண் இரண்டையும் காம்பில் தூக்கி என்னையே பார்க்கின்றன. எதை எடுப்பது?

அண்ணி


ஆகஸ்ட் 30

அண்ணி,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. நான் கணக்குப்பிள்ளை இல்லையே. இத்தனை நாள் கழித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முடிவான பிறகு எழுதலாமென்று இருந்தேன்.

எங்கள் மேலாளர் அம்மாவிடம் போய், மூன்று வருடம் முடியாது, ஒரு வருடம் என்றால் போடுகிறேன், நடுவில் லீவும் வேண்டும் என்றேன். "மூணு வருஷம்னா என்னம்மா பயம்? அங்க யாரு இருக்கா உனக்கு?" என்றார்.

"அண்ணி இருக்காங்க மேடம்" என்றேன். அண்ணனைச் சொல்ல மறந்துவிட்டேன், அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மூன்று வாரம் இழுத்தடித்து, நேற்றுத்தான் ஒத்துக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. முதல் லீவு பத்து நாள். செப்டம்பர் 27, சனிக்கிழமை வருகிறேன். என்னுடைய அறையில் துணி காயப்போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

சங்கை நீங்கள் தனியாக எடுக்க வேண்டாம். சேர்ந்து போவோம். கடைக்காரரைத் தொட்டிக்குள்ளேயே ஒவ்வொன்றையும் மெதுவாகக் கவிழ்த்து வைக்கச் சொல்ல வேண்டும். நல்ல சங்கென்றால் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கும். பிறகு காலை வெளியே நீட்டி, மணலில் ஊன்றி, ஒரே உதையில் தானாக நிமிர்ந்துகொள்ளும். அதைத்தான் எடுக்க வேண்டும். பொறுமையாகப் பார்க்கணும் அண்ணி, சிலது யோசித்து யோசித்துத்தான் நிமிரும்.

வாலு


செப்டம்பர் 8

வாலு,

அறையில் துணி காய்ந்துகொண்டிருந்தது உண்மைதான். எப்படிக் கண்டுபிடித்தாய்? எடுத்துவிட்டேன். சங்கு நாலையும் விற்க வேண்டாமென்று கடைக்காரரிடம் சொல்லியாயிற்று. "அக்கா, கூட ஒரு ஸ்டூல் வேணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வருகிற தேதி எழுதினாய், கிழமை எழுதினாய், எந்த வண்டி என்று எழுதவில்லை. உன் ஊரிலிருந்து அன்றைக்கு ஐந்து வண்டி வருகிறது. ஆறேகால், ஒன்பது, பன்னிரண்டரை, மூன்று இருபது, ஐந்தேமுக்கால். உன் அண்ணன், "ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுது" என்கிறார். கேட்கப் போவதில்லை. ஆறேகாலுக்கே வந்து நிற்பேன்.

அண்ணி